கடைசி வரிசையில் ஒரு தொப்பி

மோசெல்லுக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் முப்பது வருடம் மவுண்ட் கிலியட் சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்றவள். யார் எங்கே உட்காருவது, அழுகிற குழந்தையை யார் வெளியே தூக்கிப் போவது, பரிசுத்த ஆவி இறங்கிச் சாய்கிறவர்களை எந்தப் பக்கம் தாங்குவது, எல்லாம் அவள் விரலசைவில்தான் நடக்கும். மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள். பேச்சு குறைவு, பார்வை அதிகம். ஒருவர் படியில் கால் வைத்ததுமே, இவர் ஜெபிக்க வந்தவரா, வேவு பார்க்க வந்தவரா என்று எடைபோட்டுவிடுவாள்.

அந்தத் தராசில் யோலண்டா பெட்டிஃபோர்ட் தேறவில்லை. வடக்கே டெட்ராய்ட்டிலிருந்து வந்து நம் ஊர்ப் பள்ளியில் நடனம் சொல்லிக்கொடுக்கிறவள். அறுபத்தைந்தில் ஓட்டுரிமைக்காக நம் கறுப்பினத்து ஆட்கள் கூடியதையும், ஊர்வலம் போய் அடிபட்டதையும் பிள்ளைகளுக்கு ஆட்டமாகவே கற்பிக்கப் போகிறாளாம். கூட்டம் நடந்த இந்தச் சர்ச்சிலேயே ஆட வேண்டுமாம். பாஸ்டர் தாராளமாகச் சனிக்கிழமை மத்தியானங்களைக் கொடுத்துவிட்டார். சாவி மட்டும் மோசெல்லிடம்.

"புத்தகத்துல படிச்சா பரீட்சையோட மறந்துடும், மிஸ் மோசெல். கால்ல ஏறிடுச்சுன்னா மறக்காது," என்றாள் யோலண்டா.

மோசெல்லின் கண் யோலண்டாவின் கையிலிருந்த நோட்டில் இருந்தது.

பெட்டிஃபோர்ட் என்ற பெயர் அவளுக்குப் புதிதல்ல. அந்த வருடம் கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்கள் யார் மூலமோ ஷெரிப்பிடம் போயின. அங்கிருந்து பருத்திப் பண்ணை முதலாளிகளிடம் போயின. ஒரே வாரத்தில் ஏழு குடும்பங்களைக் குடிசையைவிட்டுத் துரத்தினார்கள், பாவிகள். பெட்டிஃபோர்ட் குடும்பமும் அப்படித்தான் சட்டிபானையோடு வடக்கே பஸ் ஏறியது. காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மோசெல்லுக்குத் தெரியும். எட்டு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவள் அவள். நாற்பது வருடமாக அதை யாரிடமும், கட்டின புருஷனிடம்கூட, சொன்னதில்லை. தெரிந்தால் அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பது?

இப்போது ஒரு பெட்டிஃபோர்ட் நோட்டும் கையுமாக வந்து நிற்கிறாள். சும்மாவா வருவாள்?

"அந்தக் காலத்துல கடைசி வரிசையில யாரு உக்காருவாங்க?" மூன்றாவது சனிக்கிழமை யோலண்டா கேட்டாள்.

"லேட்டா வர்றவங்க."

"எப்பவுமே அங்கயே உக்கார்ற ஆளு யாராச்சும்?"

"எனக்கு அப்ப எட்டு வயசும்மா. மிட்டாய் மேலதான் கண்ணு."

யோலண்டா சிரித்தபடி எழுதினாள். மிட்டாய்க்கு எதற்கு நாலு வரி என்று மோசெல் குமைந்தாள். அன்றிலிருந்து ஒரு ஒத்திகையைக்கூட விடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள்.

கூட வாசலில் நிற்கிற எர்லீனுக்குச் சிரிப்பாக இருந்தது. "என்னடி, காணிக்கைத் தட்டையே தூக்கிட்டுப் போயிடுவான்னு பயமா?"

"நோட்டுல என்ன எழுதறா அவ?"

"ஆம்பளைங்க போன் நம்பரா இருக்கும். உனக்கும் ஒண்ணு கேக்கட்டா?"

ஐந்தாவது சனிக்கிழமை முழு ஒத்திகை. பிள்ளைகள் வரிசை வரிசையாக எழுந்து, கைகோத்து, ஒரே தாளத்தில் தரையை மிதித்தார்கள். பலகை அதிர்ந்தது. மோசெல்லின் காலும் தட்டத் தொடங்கியது; சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தாள். ஜமைரா என்ற நெட்டைப் பெண் ஆண்கள் தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டு, ஆடாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருந்தது.

யோலண்டா கண்டுபிடித்துவிட்டாள். ஊரைக் கூட்டிவைத்து மானத்தை வாங்கத்தான் இத்தனையும்.

ஆனால் முப்பது வருடப் பழக்கம் யோசிக்க விடவில்லை. ஆண்கள் தொப்பியோடு ஒருவரையும் அவள் அந்தச் சர்ச்சில் உட்காரவிட்டதில்லை. இடது கையை முதுகில் மடித்தபடி நடந்துபோய் நின்றாள்.

"தொப்பியக் கழட்டு."

"மிஸ் மோசெல், அது வேஷம்," என்று யோலண்டா ஓடிவந்தாள். "இந்த ஆளு காட்டிக்கொடுக்கறவன். அதான்..."

"யாரா இருந்தா என்ன? எங்கப்பா ஒரு நாளும் சர்ச்சுக்குள்ள தொப்பி போட்டதில்ல!"

தாளம் நின்றது. எர்லீன் கையிலிருந்த தண்ணீர்க் குவளை சாய்ந்து வழிந்தது. மோசெல் யோலண்டாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் பிளந்து நின்ற அந்த முகத்தில் வஞ்சம் எதுவும் இல்லை. அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"யாருன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது," என்றாள் யோலண்டா. "அதனாலதான் முகத்த மறைச்சேன்."

ஜமைரா தொப்பியைக் கழற்றிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். "அவரு இத எங்க வெச்சுப்பாரு, மிஸ் மோசெல்?"

இப்போதும் திரும்பி நடந்திருக்கலாம். மோசெல் கையுறைகளைக் கழற்றிவிட்டு, எட்டு வயதில் உட்கார்ந்த அதே இடத்தில், ஜமைராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மடியில, மல்லாத்தி. உள்ள பேப்பர் இருக்கும். பாடிக்கிட்டே எழுதுவாரு. நல்லாப் பாடுவாரு."

யோலண்டா மெதுவாக நோட்டை மூடினாள்.

"மூடாத," என்றாள் மோசெல். "எங்கப்பா ஹோசியா ஸ்டால்வொர்த். உங்க வீட்டுப் பேர அவரு எழுதினாரு. அவரு பேர நீ எழுது."