குமார் வீட்டில் ஓடிய பெட்டி

குடும்பப் புகைப்படங்களைச் சேமித்து வைஃபையில் பார்க்க ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினேன். வாரம் ஒருமுறை படுத்துவிடும். வெறுத்துப்போய், நிலக்கரி மைன்ஸில் எனக்குக் கீழே காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் குமார் தலையில் அதைக் கட்டிவிட்டு, எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் புதிது வாங்கினேன். அதுவும் படுத்தது.

ஒருநாள் பக்கத்து ஊரான வடக்குத்தில் அவன் வீட்டுக்குப் போனால், என் பழைய பெட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

“என்ன ரிப்பேர் பண்ணே குமாரு?”

“ஒண்ணும் பண்ணல சார். நிறுத்தாம வுட்டுட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது.”

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கிளம்பும்போது ஹாலில் உள்ள சுவிட்சுகளையெல்லாம் அணைப்பது என் வழக்கம். ஓடுகிற பெட்டியின் கரண்டை தினமும் பிடுங்கியது நான்தான்.

அதை அவனிடம் சொல்லவில்லை. “பழசுப்பா, எப்ப வேணாலும் படுத்துடும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அது இன்னும் ஓடுகிறது. நான் சொன்னதுதான் உறுத்துகிறது.