காதேசில் ஒரு கல்லறை

சென்ற தவக்காலத்தில், எங்கள் தமிழ்ச் செபக்குழுவில் சீனாய்ப் பாலைநிலத்தைப் பற்றிப் பேசும் முறை எனக்கு வந்தது. நான் கட்டடப் பொறியியல் படித்தவள். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. இடம், நடந்தது என்று பிரித்து எழுதித் திரையில் காட்டினேன். சீனாய் மலை: கட்டளைகள். வழி நெடுக: மன்னா. காதேசு: மிரியாம் இறந்தார், அங்கேயே அடக்கம். அடிமைகளாக வெளியேறிய கூட்டத்தை ஒரே மக்களாக்கியது அந்த வெறும் நிலம்தான் என்று முடித்தேன்.

பின்னாலிருந்து அப்பா கேட்டார்: “மோசேயின்ரை அக்கா எல்லோ அவ? பிறகு ஆராவது திரும்பிப் போய் அந்தக் கல்லறையைப் பாத்தவையோ?”

நான் வேதாகமத்தைப் புரட்டினேன். அடக்கத்துக்கு அடுத்த வரியிலேயே தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிடுகிறது. அதற்குள் அப்பாவோடு வேலை செய்யும் மாமா முந்திக்கொண்டார்: “அண்ணை, அங்கை சனத்துக்குக் குடிக்கவே தண்ணியில்லை. நீங்கள் கல்லறைப் பூக்கண்டுக்கு ஊத்தக் கேக்கிறியள்!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கிழமைதான் சேமக்காலையில் அம்மாவின் கல்லறை வரிசைக்கு முன்னால் கெமைண்டே எனும் நகராட்சி அறிவிப்பு நட்டிருந்தது: தவணை முடிந்தது, கோடைக்குப் பின் இந்த வரிசை அகற்றப்படும். இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, அடக்கத்தன்று, அதை அப்பாவுக்கு விளக்கியிருப்பார்கள். அப்போது அவருக்கு இங்குள்ள டொச் மொழி தெரியாது. ஓம் என்று தலையாட்டியிருப்பார். எங்கள் ஊர் மன்னாரில் வைத்தால் வைத்ததுதான். தனக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இடம் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தார்.

நான் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். நீடிக்க முடியாது, கல்லை வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்றார்கள். செபக்குழு முடிந்து ரயிலில் வரும்போது அதைச் சொன்னேன்.

“எங்கை வைக்கிறது? பல்கனி தாங்குமோ?”

“தாங்கும் அப்பா.”

“வீடு மாறினால்?”

நாங்கள் இருப்பது வாடகை வீடு. இது எங்களுக்கு மூன்றாவது.

“அப்ப அங்கையே விடுவம்,” என்றார்.

இலையுதிர்காலத்தில் சேமக்காலைக்குப் போனபோது கற்கள் போய், வரிசை முழுவதும் புல் முளைத்திருந்தது. அப்பா கையில் மெழுகுதிரியோடு கொஞ்சத் தூரம் நடந்தார், திரும்பி வந்தார்.

“எந்த இடம் பிள்ளை?”

அளவு எடுப்பது என் தொழில். கல் நின்ற நாட்களில் அந்த இடத்தை அளந்து வைக்க எனக்குத் தோன்றவேயில்லை.