தங்கை பெயரில் ஓடிய புரோகிராம்

என் தங்கையை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். நான் பத்தாவதோடு நின்று லேத் பட்டறைக்குப் போனவன். அவள் கம்ப்யூட்டர் படித்து, ஆஸ்பத்திரி சர்வர் அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். தடுப்பூசி ஃப்ரிட்ஜ்களின் சூட்டை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, எட்டு டிகிரியைத் தாண்டினால் நர்ஸின் போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராமை அவள்தான் எழுதினாள். அதை யாரும் திறக்க வேண்டியதில்லை. சர்வர் எழுந்ததும் தானாக எழுந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். "உன்ன மாதிரிதாண்ணா, வாயே திறக்காம வேலை செய்யும்" என்று கிண்டல் செய்வாள்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு, நாற்பது நிறையாமலே போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து, இரண்டு ஃப்ரிட்ஜ் மருந்து வீணானதாகவும், செய்தியே வரவில்லையென்றும், எல்லாம் அவள் வேலையின் லட்சணம் என்று அங்கே பேசிக்கொள்வதாகவும் காதில் விழுந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே போனேன்.

அவளோடு வேலை பார்த்த இன்ஜினியர் நாற்காலி இழுத்துப் போட்டார். அந்தப் புரோகிராம் எப்படி ஓட வேண்டும் என்று அவள் எழுதிவைத்த கோப்பைத் திறந்தார். பதினாலு வரி. ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஆறாவது வரி, யார் பெயரில் ஓட வேண்டும் என்பது. அதற்கென்று, ஆள் மாறினாலும் மாறாத பொதுப்பெயர் ஒன்று உருவாக்கிப் போடுவதுதான் வழக்கமாம். அவள் சோதித்துப் பார்க்கத் தன் பெயரைப் போட்டு, அப்படியே விட்டிருக்கிறாள். இறந்த பிறகு, விதிப்படி அவள் பெயரை சர்வரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் அப்போது நிற்கவில்லை. ஒரு நாள் கரண்ட் வேலைக்காக சர்வரை நிறுத்தி எழுப்பியபோது, அந்தப் பெயரில் ஆள் இல்லையென்று புரோகிராம் எழவில்லை.

"அப்போ தப்பு அவளோடதுதானா?"

"மாத்த மறந்துட்டாங்கண்ணா. பேரை எடுக்கும்போது நாங்களும் பாக்கல. புரோகிராம்ல ஒரு குறையும் இல்ல."

என் கண்முன்னால் அந்தப் பெயரை அழித்துப் பொதுப்பெயரை அடித்தார். மேலதிகாரிக்கு எழுதியிருந்த அறிக்கையையும் காட்டினார். புரோகிராம் நன்றாக இருக்கிறது, வேறு வாங்கத் தேவையில்லை என்று இருந்தது. பிழை செய்தவர் 'முன்னாள் ஊழியர் ஒருவர்' என்றிருந்தது.

"அவங்க பேரு வேணாம்னு நெனச்சேண்ணா."

"போடுங்க தம்பி. தப்பும் அவளோடது, புரோகிராமும் அவளோடது."

இனிஷியலோடு அடித்தார். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு எழுந்தேன். படி இறங்கும்போதுதான் அழுகை வந்தது.