இரவல் பேன்

எனக்குச் சந்தேகப் புத்தி. யாராவது வாசலில் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து தந்தால்கூட, ஏன் தருகிறார், உள்ளே அழுகலோ என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். நீர்வேலிப் பக்கம் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் இருபத்திரண்டு வயதில் எனக்கு வேலை கிடைத்ததே அந்தக் குணத்தால்தான் என்று நினைக்கிறேன். முப்பது பிள்ளைகள். பார்த்துக்கொள்ள நான், சமையலுக்கு ஒருத்தி, எங்களுக்கு மேலே 'பெரியம்மா' என்று எல்லாரும் கூப்பிட்ட பொறுப்பாளர்.

முதல் நாளே பெரியம்மா சொல்லிவிட்டார். "பிள்ளையளை மடியிலை வைச்சுப் பழக்காதையும். ஒண்டு ஏறினால் முப்பதும் ஏறும். பிறகு உமக்குத்தான் கரைச்சல்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. யாரையும் தூக்குவதில்லை, அணைப்பதில்லை. குளிக்க வார்க்கும்போது, புண்ணுக்கு மருந்து போடும்போது, சனிக்கிழமை பேன் பார்க்கும்போது தொடுவோம். அவ்வளவுதான்.

பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஏழு வயது, தாய் தகப்பன் இல்லை. இடுப்பு வரை தலைமயிர். அதில் பேன் ஓய்வதே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவளை முன்னால் இருத்தி, இழுத்து இழுத்து வாரி, ஒரு ஈர்கூட மிஞ்சாமல் எடுத்துவிடுவேன். அடுத்த சனி பார்த்தால் பழையபடி. சண்டையும் பொருளாதாரத் தடையுமான காலம். மண்ணெண்ணெய் விளக்குக்கே இல்லை, தலைக்கு எங்கே போவது? அன்னமுன்னாப் பழத்துக் கொட்டையை அரைத்துப் பூசினேன், வேப்பெண்ணெய் வைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

"வாற சனியும் இருந்தால் ஒட்ட வெட்டிவிடும்," என்றார் பெரியம்மா. அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவள் அதிகம் கதைக்கமாட்டாள், எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிற சரியான அமசடக்கு. தலையணையை உதறிப் பார்த்தேன், சுத்தம். பக்கத்துப் பாயில் படுப்பவளின் தலையைப் பார்த்தேன், அதுவும் சுத்தம். பிறகு அவளையே கவனிக்கத் தொடங்கினேன். சாப்பிட இருக்கும்போதும் விளையாடும்போதும் என் கண் அவள்மேல்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் பிடித்தேன். கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால், இல்லத்துக்குப் புதிதாக வந்த ஒரு சின்னப் பிள்ளையின் தலையோடு தன் தலையை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் ஆடாமல் நில்லடி. ரெண்டு மூண்டு வந்தால் போதும்."

"உனக்கேன் பேன்?" என்றது சின்னது.

"சனிக்கிழமைக்குத் தேவை."

கையும் மெய்யுமாக அகப்பட்டாள். பேனை இரவல் வாங்குகிற பிள்ளையை அன்றுதான் கண்டேன். பேன் கண்டால் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, இவள் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கள்ளனைப் பிடித்த சந்தோஷம் வேறு. ஓடிப்போய்ச் சொன்னேன். சனிக்கிழமை வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார் பெரியம்மா. அன்றே கத்தரிக்கோலை எடுத்தேன்.

அவள் அழவில்லை. என் முழங்கால்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, மயிர் கொத்துக் கொத்தாக விழ விழ, முதுகை என்மேல் சாய்த்து வைத்திருந்தாள். "நிமிர்ந்து இரு," என்றேன். நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சாய்ந்தாள். இதுவும் ஏதோ தந்திரம் என்றுதான் நினைத்தேன், என்ன பாழாய்ப்போன புத்தியோ.

சனிக்கிழமை மத்தியானம் வழமைபோலப் பேன் சீப்போடு இருந்தேன். பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். நடுவில் அவள், அறுத்த வயல் மாதிரித் தலையோடு.

"உனக்கென்ன இஞ்சை அலுவல்? தலையிலை ஒண்டுமில்லையே."

"இருக்கும் அக்கா. பாருங்கோ."

"எங்கையடி இருக்கும்? மயிரே இல்லை."

"சீப்பு வேண்டாம். கையாலை தடவிப் பாருங்கோ."

'சனிக்கிழமைக்குத் தேவை' என்றுதானே கிணற்றடியில் சொன்னாள். சனிக்கிழமையில் ஏது பள்ளிக்கூடம்? அந்தச் சின்ன விஷயம்கூட என் மண்டையில் ஏறவில்லை. ஊரையெல்லாம் சந்தேகித்த எனக்கு, ஒரு பிள்ளை என் கைக்கு ஏங்கித்தான் இதெல்லாம் செய்கிறதோ என்ற சந்தேகம் மட்டும் வராமல் போயிற்று. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இடுப்பளவு மயிரை இனி எங்கே போய் எடுத்துக் கொடுப்பேன்?

பெரியம்மா விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று அவளை இழுத்து மடியிலேயே இருத்தினேன். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில் என்று விரலை வைத்துத் தேடினேன். "ஓம், ஒண்டு கிடக்கு. ஆடாதை," என்று சொல்லி, இரண்டு பெருவிரல் நகத்தையும் சேர்த்து நெரித்து, பேன் குத்தும்போது எல்லாப் பெண்களுக்கும் தானாக வருகிற அந்த 'ஸ்'ஸையும் விட்டேன்.

மற்றப் பிள்ளைகள் என்றால் உடனே "காட்டுங்கோ, பெரிசோ?" என்று கேட்பார்கள். அவள் கேட்கவில்லை. பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "மற்றப் பக்கமும் கிடக்கும்," என்றாள்.