ரெஜினா மிஸ் கண்டுபிடித்த புழு

சேதி பேத்தியின் போனில் வந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். "ஆயா, உங்க ரெஜினா மிஸ் தவறிட்டாங்களாம்" என்றாள். பழக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போனிலிருந்த மிஸ் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். "என் வழிகாட்டலில் வளர்ந்த அன்பு மாணவி" என்று மிஸ்ஸின் ஆராய்ச்சிக்கு கைடாக இருந்த அந்தப் பெரிய பேராசிரியர் எழுதியிருந்தாராம். வந்த அழுகை அப்படியே நின்றுபோனது.

மிஸ்ஸிடம் படித்த பிள்ளைகளே, நினைவு மலருக்கு எழுதச் சொன்னீர்கள். எட்டாவதோடு நின்றவள் நான். நம் கல்லூரி விலங்கியல் லேபில் அட்டெண்டர். படிப்புதான் குறைவு, ஞாபகம் குறைவில்லை. அவர் வழிகாட்டிய கதையை நான் சொல்கிறேன்.

புழு ஆராய்ச்சிக்காக மிஸ் ஒரு பறவையைக்கூடக் கொன்றதில்லை. வயல் மருந்தில் செத்த மடையான் கொக்கு, கரண்டு கம்பியில் அடிபட்ட நாரை, இவைதான் அவருக்கு. காட்டிலாகா அனுமதிக் கடிதத்தோடு ஒயர் கூடையில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவருவார். "இன்னா மிஸ், கருவாடா? நாறுதே" என்று கண்டக்டர் கேட்டால், "நாரைங்க. அதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்க" என்பார்.

குடலைப் பிரித்து உப்புத்தண்ணீரில் அலசினால் தட்டைப்புழுக்கள் வெள்ளரி விதை மாதிரி அடியில் படியும். எது எந்த இனம் என்று பிரிப்பது மிஸ்ஸின் வேலை. "மனுஷன்ல ஜாதி பிரிச்சா கேஸு, புழுவுல பிரிச்சா டாக்டர் பட்டம். இன்னா நாயம்க்கா இது?" என்று சிரிப்பார். புழுவை இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து நூலால் கட்டுவது என் வேலை. "அமுக்காதீங்கக்கா. அமுக்கினா புழுகூட பொய் சொல்லும்." என் கை அதைக் கற்றுக்கொண்டது.

ஒரு மழைக்காலத்தில் மடையான் குடலில் யாரும் எழுதிவைக்காத புழு கிடைத்தது. மற்றதைவிட அகலம். பேராசிரியர் ஒப்புக்கொண்டால்தான் அது புது இனம். வந்தார், மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "பழைய இனம்தாம்மா. உங்க அட்டெண்டரம்மா அப்பளம் மாதிரி தேய்ச்சி வெச்சிருக்கு, அதான் அகலம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயர் எனக்குத் தெரியும். சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. "அவங்க கை அமுக்காது சார்" என்றார். பழியை என்மேல் போட்டிருந்தால் அன்றே தப்பித்திருப்பார். அடுத்த இரண்டு மழைக்கும் செத்த மடையானைத் தேடிக் கண்டமங்கலம் வரை அலைந்தோம். சுடுதண்ணீரில் போட்டால் புழு தானாக நீட்டிப் படுத்துச் சாகும், கண்ணாடியே வேண்டாம். அப்படிச் செய்தும் அதே அகலம். அந்தப் புழுக்களை மிஸ் பேராசிரியருக்கே அனுப்பினார். "அனுப்பாதீங்க மிஸ்" என்றேன். கேட்கவில்லை.

மறுவருஷம் அது புது இனம் என்று ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. கண்டுபிடித்தவர் பேராசிரியர். மிஸ் பெயர் எங்கேயும் இல்லை.

"யாரு பேரு இருந்தா இன்னாக்கா, புழுவுக்குப் படிக்கவா தெரியும்?"

"புழுவுக்குத் தெரியாது மிஸ். எனக்குத் தெரியும்."

பத்திரிகைக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள் என்று கெஞ்சினேன். எழுதவில்லை. ஒரு வாரம் அவருக்கு நான் டீ போட்டுத் தரவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "அவர் மேல இன்னும் கோவமாக்கா?" என்றார்.

"ஆமா."

மிஸ் சொன்னார்: "மன்னிச்சிட்டேன்னு சர்ச் சாமியார்கிட்ட சொல்லிட்டேன். பொய்க்கா. நோவையும் கோவத்தையும் சேர்த்துச் சொமக்க என்னால முடியல. என் கோவத்தையும் நீங்களே வெச்சிக்கங்க."

அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். பேராசிரியர் வயசானவர், மன்னித்துவிடுங்கள் என்று யாரும் என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம். என்னுடையது மட்டும் என்றால் ஒருவேளை விட்டிருப்பேன். மிஸ் கொடுத்துவிட்டுப் போனதை விடுவதற்கு எனக்கு உரிமை இல்லை.