பாருல் ஒப்புக்கொள்ளாத முகம்

கேதகி சர்க்கேல் முகம் வரைய உட்கார்ந்தால் காதிலிருந்துதான் தொடங்குவார். "கண்ணைப் பார்த்து வரைஞ்சா அவங்க உஷாராயிடுவாங்க. காதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். எங்கள் சிறுவர் மாத இதழுக்கு முப்பது வருஷமாகப் படம் போட்டவர். அதே இதழில் பக்கம் கட்டுகிறவன் நான். கல்கத்தாவுக்கு வந்த புதிதில், அவர் படத்தை ஒரு முறை தலைகீழாக வைத்துவிட்டேன். அதிலிருந்து ஆரம்பித்த சிநேகம்.

படத்தில் பொருள்களை ஒட்டும் பழக்கம் அவருக்குத் தற்செயலாக வந்தது. ஒரு மழைக்காலத்தில் டிராம் கண்டக்டர் கதைக்குப் படம் கேட்டிருந்தோம். வரைந்த முகத்தின் கன்னத்தில் மழைத் தண்ணீர் சொட்டித் தாள் பொத்தலாகிவிட்டது. திரும்பப் போட நேரமில்லை. பைக்குள் கிடந்த டிராம் டிக்கெட்டைக் கிழித்து அந்த இடத்தில் ஒட்டிக் கொடுத்தார். வாசகர்கள் அதைப் பற்றியே கடிதம் எழுதினார்கள். அதன்பின் தட்டச்சுக்காரி முகத்தில் கார்பன் தாள் ஏறியது, தையல்காரர் தாடியில் நூல் ஏறியது.

போன கார்த்திகையில், தன் ஐம்பத்து நாலாவது வயதில், முதல் கண்காட்சி வைத்தார். கோல்பார்க் பக்கம் ஒரு சின்னக் கூடம், பதினாலு முகங்கள். முதல் நாள் சாயங்காலம் பாருல் நஸ்கர் வந்தாள். கரியாஹாட் சந்தையில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் நறுக்குகிறவள். கேனிங் லோக்கல் ரயிலில் விடியற்காலை வந்து மதியம் திரும்புகிறவள், அன்று தன் படத்தைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் வரை தங்கியிருந்தாள். மடிப்புக் கலையாத புடவை, கூட ரெண்டு ரயில் தோழிகள்.

அவள் முகத்தைக் கேதகி மீன் சுற்றிய செய்தித்தாளாலேயே செய்திருந்தார். கன்னமேட்டில் உலர்ந்த செதில்கள் மின்னின. பாருல் ரொம்ப நேரம் பார்த்தாள். வங்காளி வழக்கப்படி கேதகி அவளுக்குத் 'தீதி', அக்கா.

"தீதி, கிட்டப் போனா நாத்தம் அடிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. மூக்கு என் மூக்குதான். ஒட்டுனதுதான் நானில்ல. ஆறு மணிக்கு மணையில உக்காந்தா பதினோரு மணிக்கு எழுந்து கை கழுவிடுறேன். லெமன் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் ரயிலேறுவேன். நீங்க மறுபடி பூசி விட்டுட்டீங்களே!"

"அடியே, தீதி கோவிச்சுக்கப் போறாங்க" என்று ஒரு தோழி இடித்தாள்.

"கோவிச்சா என்ன? நாளைக்கு அவங்க வீட்டுக் கட்லா மீன் முள்ளோட போகும்."

மறுநாள் காலை கூடத்தில் ஆளில்லை. மண் குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு போனேன். கேதகி குடிக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நின்று நகர்ந்தார்.

"பாஷ்யம், நான் என்ன பண்ணியிருக்கேன் பாருங்க. எல்லாரையும் வேலைக்கு அனுப்பி வச்சிருக்கேன். ஒருத்தரையும் வீட்டுக்குத் திரும்ப விடல."

கடைசிச் சுவரில் அவர் கணவர் பிரணவேஷ். பூகோள வாத்தியார், நாலு வருஷத்துக்கு முன் இறந்தவர். அந்த முகம் முழுக்க மாத்திரை அட்டைகளின் வெள்ளித் தகடு. வெளிச்சம் பட்டால் மூச்சுவிடுவது போலிருக்கும். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் மாட்டக் கேட்டிருந்தார். கேதகியும் சரியென்றிருந்தார்.

"இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தேன். அதுல ரெண்டு வருஷம்தான் படுக்கை. மாத்திரையை நீட்டினா முகத்தைத் திருப்பிக்குவார். அதையே முகமாக்கிட்டேன்."

நான் ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "படம் நல்ல படம்தானே, கேதகி தீதி" என்றேன்.

"நல்ல படம்தான். அதான் பயமா இருக்கு." படத்தின் பக்கம் திரும்பி, "அவர் சட்டையைக் கத்தரிக்கக் கை வரல, பாஷ்யம். புஸ்தகத்தையும் முடியல. வீட்டுல நான் வெட்டக்கூடியதா அந்தத் தகடுதான் இருந்தது" என்றார்.

படம் தருவதற்கில்லை என்று டாக்டருக்கு அவரே போன் செய்தார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கவில்லை. "அந்த ரெண்டு வருஷமும் நடந்ததுதானே. இருக்கட்டும்."

அடுத்த வாரம் சந்தைக்குப் போய்ப் பாருலிடம் சொன்னார். "மறுபடி வரையறேன். என்ன ஒட்டணும்னு நீயே கொண்டா."

"கொண்டு வர முடியாது தீதி. ரயிலுக்கு வாங்க."

போனார். மதிய லோக்கல், பெண்கள் பெட்டி. காலிக் கூடைகளுக்கு நடுவே நாலு பேர் 'இருபத்தொன்பது' என்கிற சீட்டாட்டம் ஆடுகிறார்கள், மடியில் துண்டை விரித்து. பாருல் அந்தப் பெட்டியின் சீட்டாட்டப் புலி. எதிராளி கண்ணிமைப்பதை வைத்தே கையிலிருக்கும் சீட்டைச் சொல்லிவிடுவாள். கேதகியையும் உட்கார வைத்தார்கள். ராஜாவைப் பெருமையாக இறக்கினார்.

"ஐயோ தீதி! இங்க ராஜாவுக்குக் காலணா மதிப்பில்ல. ஜாக்கிதான் எஜமான்."

பெட்டியே கைகொட்டிச் சிரித்தது. கேதகி மூன்று ஆட்டம் தோற்றார். கேனிங் வருவதற்குள் இருபது காகிதத்தில் பாருலின் காதை மட்டும் வரைந்திருந்தார்.

புதுப் படத்துக்குப் பாருல் கொடுத்தது ஓரம் தேய்ந்த ஒன்பது சீட்டுகள். முகத்துக்குள் அவற்றை எங்கே வைப்பது என்று கேதகி பத்து நாள் தவித்தார். முடிவில் முகத்தில் ஒன்றையும் ஒட்டவில்லை. கழுத்துக்குக் கீழே, புடவைத் தலைப்பின் மடிப்பில், பாதி ஒளிந்தும் பாதி தெரிந்தும் வைத்தார். பாருல் பார்த்துவிட்டு, "திருடி மாதிரி இருக்கேன்" என்றாள். கண்காட்சியின் கடைசி நாள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலேறினாள்.

மாசி மாதம் கேதகி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மேஜையில் வெறும் வெள்ளைத்தாள், பென்சில் கோடு. பசை இல்லை, கத்தரி இல்லை. பிரணவேஷ் வாயைக் குவித்து, கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன ஊதறார்?"

"விசில். பஸ்ஸைப் பார்த்தா விசில், மாம்பழக்காரனைப் பார்த்தா விசில். வாத்தியார் பண்ற வேலையான்னு தெருவுல நின்னு திட்டுவேன்."

கோட்டில் சில இடங்கள் அழித்து அழித்து மெலிந்திருந்தன. உதடு மட்டும் எட்டுத் தடவை போட்டாராம்.

"சரியா வந்திருக்கா?" என்று கேட்டார்.

அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"அப்படின்னா நீங்க உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.