மண்ணெண்ணெய்க்கு மசியாத புள்ளி

எழுபதுகளின் கடைசியில் மலாய் நாட்டில் பீடோங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியும் வாய் அடங்காதவன். ஒருநாள் பால் எடைபோட்டு முடிந்ததும், அரசாங்கக் கிளினிக்கிலிருந்து வந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, எங்களை ஸ்டோர் வாசலில் உட்காரவைத்துத் தோல் புற்றுநோயைப் பற்றிப் பேசினார்.

"மச்சம் வளந்தாலோ, ஓரம் கோணலா போனாலோ, நெறம் மாறினாலோ வந்து காட்டுங்க. நம்ம நெறத்துக்காரங்க உள்ளங்காலையும் நகத்துக்கடியிலயும் பாக்கணும்."

"மிஸ்ஸி, எனக்குத் தலையிலேர்ந்து காலுவரைக்கும் ஒரே கறுப்பு. இனிமே எங்க மாற?" என்றேன். கூட்டம் சிரித்தது.

"சிரிங்கண்ணே. செருப்பக் கழட்டிப் பாத்துட்டும் சிரிங்க," என்றார் மிஸ்ஸி.

அங்கேதான் வினை. ரப்பர் பால் பட்டுக் காய்ந்து கறுத்த புள்ளிகள் இல்லாத கால் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கு இருந்தது? எது கறை, எது மச்சம்? அன்று மாலை குழாயடியில் மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக லயமே உட்கார்ந்து கால் தேய்த்தது. நான்தான் வர்ணனையாளன். பக்கத்து வீட்டு அக்காவையும் விடவில்லை, எங்களை வேலை வாங்கும் தண்டலையும் விடவில்லை. "அக்கா தப்பிச்சிட்டாங்க! தண்டல் பெருவிரல் இன்னும் சந்தேகத்துல இருக்கு!"

பிறகு என் இடது குதிகால். தேய்த்தேன். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சுற்றியிருந்த தோல் சிவந்தது. புள்ளி அப்படியே இருந்தது. மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, தீபாவளிக்கு எண்ணெ தேச்சப்ப மொளகு மாதிரி இருந்துச்சு. இப்ப காசு அளவு இருக்கே."

"பழைய பால் கறை லா அது."

"ஓரத்தப் பாருங்க, பூச்சி தின்ன எல மாதிரி."

தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் காலைப் பார்க்க எழுந்து வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாதவரை எனக்கு நோயில்லை என்று அங்கேயே ஒரு சட்டம் போட்டேன். சோறு இறங்கவில்லை. சைக்கிள் யாருக்கு, கோழிகள் யாருக்கு என்று மனசு பங்கு பிரித்தது.

"மிஸ்ஸிகிட்ட அவ்வளவு பேசுனீங்க. டாக்டர்கிட்ட பேச வாய் இல்லியா?" என்று மனைவிதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அலோர் ஸ்டார் பஸ்ஸில் ஏற்றினாள்.

மலாய்க்கார டாக்டர் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். "பொத்தோங்," என்றார் கடைசியில். வெட்ட வேண்டுமாம். காலையே முழுசாக வெட்டப்போவதாக என் காதில் விழுந்தது. தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாத்து காக்கி சாஜா, டாக்டர்?" என்றேன். ஒரு கால் மட்டும்தானா?

அவர் சிரித்துவிட்டார். புள்ளியை மட்டும்தான் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

வெட்டியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் யாரையும் கேலி செய்யவில்லை. லயமே அதைப் பார்த்துத்தான் பயந்தது. வந்த முடிவு, புற்றுதான். ஆனால் ஆழம் போகவில்லை, முழுசாக எடுத்தாயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால்," என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

இன்றும் குளித்துவிட்டு வந்தால் மனைவியைக் கூப்பிட்டு, என் கண்ணுக்கு எட்டாத முதுகைக் காட்டுகிறேன். அவள் பார்த்து முடிக்கும்வரை மூச்சு விடுவதில்லை.

"ஒண்ணுமில்ல. சட்டையப் போடுங்க."

"நல்லா பாத்தியா?"